அல்டாப்ராவுக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ரோஸ்ஹில் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வயது நாற்பத்தாறு. கடல் அனுபவம் என்று பார்த்தால், ஒரு முறை ரொட்ரீக்ஸுக்குக் கப்பலில் போனேன். போன வழியெல்லாம் வாந்தி எடுத்ததோடு சரி.

என் நாத்தனார் குடும்பம் சீஷெல்ஸில், மாஹே தீவில் இருக்கிறது. அவள் வேலை செய்யும் இடத்தில் சிலர் சேர்ந்து படகு பேசி அல்டாப்ரா என்ற தொலைதூரப் பவளத் தீவுக்குப் போகிறார்கள். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் கிளம்பி மொத்தம் பன்னிரண்டு நாள். ஒருவர் விலகிவிட்டதால் ஓர் இடம் காலி. "அண்ணி, வருகிறீர்களா?" என்று கேட்டாள். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போதுதான் யோசிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "அல்டாப்ரா ஆமை பார்க்க வேண்டுமானால் ரிவியேர் தெஸாங்கியில் லா வனீல் பூங்காவுக்குப் போ. இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் போதும். ஆயிரம் கிலோமீட்டர் கடலில் எதற்கு?" என்கிறார். மாமியார் கவலை வேறு. வருடப் பிறப்பன்று மருமகள் நடுக்கடலில் இருப்பாளா என்று மூன்று நாளாக முகம் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அனுமதிக்கு நான் தனியாக ஏதாவது எழுதிப் போட வேண்டுமா? எனக்கு நீச்சல் அரைகுறை. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பேன், அவ்வளவுதான். அங்கே போய்ப் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டி வருமா? நான் மரக்கறி மட்டும் சாப்பிடுபவள், அதற்கு என்ன செய்வது? எல்லாவற்றையும் விட முக்கியமாக, நம் ப்ளூ பேயில் பார்க்க முடியாதது அங்கே என்ன இருக்கிறது? போய் வந்தவர்கள் சொன்னால் வீட்டில் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.

கத்ர்போர்ன் வாசி:

உங்கள் வீட்டுக்காரர் கட்சி நான். ப்ளூ பேயில் கண்ணாடி அடித்தளப் படகில் ஒரு மணி நேரம் போனால் ஐந்து மீட்டருக்கு மேல் அகலமான மூளைப் பவளத்தைப் பார்க்கலாம். முழங்கால் நனையாது. வாந்தியும் வராது. ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2008இலேயே சேர்த்திருக்கிறார்கள், அது ஒன்றும் லேசுப்பட்ட இடம் இல்லை. மிச்சமாகும் பணத்தில் பிள்ளைக்கு லேப்டாப் வாங்குங்கள்.

மாயேபூர் அடுப்படி:

டீச்சரம்மா, வணக்கம். மேலே எழுதிய தம்பி சொன்ன மூளைப் பவளம் எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தூரம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் முப்பது வருடம் கப்பல், படகு என்று சமையல் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வாக இருக்கிறேன். இங்கே எல்லாரும் தோந்தோன் என்பார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். அல்டாப்ராவுக்கு ஆறு தடவை போயிருக்கிறேன். ஆறும் அடுப்படியிலிருந்து பார்த்ததுதான். அதில் நான்கு தடவை கரையில் கால் வைக்கக் கிடைத்தது.

அனுமதி பற்றிய கவலையை விடுங்கள். அல்டாப்ராவைப் பார்த்துக்கொள்வது சீஷெல்ஸ் தீவுகள் அறக்கட்டளை. படகுக்காரர்தான் அவர்களிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குவார். ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. அது உங்கள் தொகைக்குள் சேர்ந்திருக்கிறதா என்று நாத்தனாரிடம் கேட்டு வையுங்கள். கடைசி நேரத்தில் அதில்தான் சண்டை வரும். அங்கே விடுதி கிடையாது. ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர்தான் குடியிருப்பு. பயணிகள் படகில்தான் தூங்க வேண்டும். கரையில் எங்கே போனாலும் நிலையத்து ஆள் ஒருவர் கூடவே வருவார். தனியாகச் சுற்ற விடமாட்டார்கள்.

மாஹேயிலிருந்து 1,100 கிலோமீட்டர். சின்னப் படகென்றால் மூன்று நாள் ஆகும். காசுள்ளவர்கள் பக்கத்தில் இருக்கும் அசம்ப்ஷன் தீவுவரை சிறு விமானத்தில் வந்து அங்கே படகேறுவார்கள். உங்கள் குழு முழுவதும் கடலில் போவதாகத் தெரிகிறது. பரவாயில்லை. ஏப்ரலில் வடமேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், தென்கிழக்குக் காற்று இன்னும் பிடித்திருக்காது. ஜூலையில் கூப்பிட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

இப்போது முக்கியமான விஷயம். 2013இல் நான் முதல் தடவை கரையிறங்கிய கதையைச் சொல்கிறேன்.

இறங்குவதற்கு முன் நிலையத்திலிருந்து ஒரு பெண் எங்கள் படகுக்கு வந்தாள். கையில் பிரஷ், சின்ன இடுக்கி, ஒட்டு டேப். ஒவ்வொருவர் ஷூவையும் கவிழ்த்து அடிப்பாகத்தின் பள்ளங்களைச் சுரண்டினாள். பையைத் தலைகீழாகக் கொட்டி, மூலைத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். வெல்க்ரோ பட்டையில் ஒட்டிய புல்விதையை ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடுங்கினாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் சமையல்காரன், காடு மேடு போகிறவனா, என்னிடம் என்ன இருக்கப்போகிறது என்று நின்றேன்.

பேண்டின் கால் மடிப்பைப் பிரிக்கச் சொன்னாள். பிரித்தேன். கடுகு கொட்டியது.

எட்டோ பத்தோ இருக்கும். கூடவே இரண்டு கொத்தமல்லி விதை. தாளிக்கும்போது தெறித்துக் கீழே விழுகிறது அல்லவா, அது மடிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. டேப்பை வைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, பைக்குள் போட்டு மூடினாள். பிறகு "எந்த ஊர்?" என்று கேட்டாள். மொரீஷியஸ் என்றேன். "உங்கள் ஊர்ப் பறவையால்தான் இப்போது பக்கத்துத் தீவில் எங்கள் ஆட்கள் தூங்காமல் கிடக்கிறார்கள்" என்றாள்.

விஷயம் என்னவென்றால், நம் வீட்டுக் கொய்யா மரத்தில் வந்து கத்துகிற "கொண்டே" என்ற பறவை இருக்கிறதே, தமிழில் செம்மீசைச் சின்னான் என்பார்கள், அது நமக்கே சொந்தப் பறவை இல்லை, 1892இல் வெளியிலிருந்து வந்தது. எழுபதுகளில் குவானோ உரம் தோண்ட இங்கிருந்து அசம்ப்ஷனுக்குப் போன வேலையாட்கள் கூண்டில் சிலவற்றைக் கொண்டு போயிருக்கிறார்கள். பாட்டுக் கேட்க. அது தப்பித்துத் தீவு முழுக்கப் பெருகிவிட்டது. அங்கிருந்து அல்டாப்ராவுக்குப் பறந்து போய் அங்குள்ள பறவைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துவிடுமே என்று பயந்து, வலை போட்டும் சுட்டும் கடைசிப் பறவைவரை ஒழித்தார்கள். அதற்குச் சில வருடம் ஆயிற்று. வீட்டு நினைவுக்காக எவனோ ஒருவன் கொண்டுபோன கூண்டு. அன்றிலிருந்து நான் மடிப்பு வைத்த பேண்ட் போடுவதில்லை.

அதனால் டீச்சரம்மா, புது ஷூ வாங்கினால் நல்லது. பழையது என்றால் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, பல்குத்தியால் பள்ளத்தை எல்லாம் நோண்டிவிடுங்கள். வெல்க்ரோ வேண்டாம், கயிறு கட்டுவதே மேல். அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும். அந்தத் தீவில் மண் என்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி ஷாம்பிஞ்ஞோன் என்று அவர்கள் சொல்லும் கல். பழைய பவளம் கடலுக்கு மேலே எழும்பி நின்று, மழையில் அரித்து அரித்துக் கத்தி கத்தியாக நிற்கிறது. விழுந்தால் தையல்தான், ஆனால் தையல் போட ஆஸ்பத்திரி மாஹேயில். ஒரு பயணத்தில் பாதுகை மாதிரி மெல்லிய ரப்பர் ஷூ போட்டு வந்த ஒருவருக்கு அரை மணியில் அடி கிழிந்து, மீதி நாளெல்லாம் படகில் உட்கார்ந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

ஆமை பற்றி உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பதில். லா வனீலில் ஆமைக்குக் கீரை கொடுக்கிறோம், அது வந்து நிற்கிறது. அங்கே சுமார் ஒரு லட்சம் ஆமை, யாரும் எதுவும் கொடுப்பதில்லை. காலை பத்து மணிக்குள் பார்த்துவிட வேண்டும். வெயில் ஏறினால் நிழல் தேடி ஒரே மரத்தடியில் முப்பது நாற்பது என்று ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு அடைந்துவிடும். நிழல் கிடைக்காத ஆமை ஓட்டுக்குள்ளேயே வெந்து செத்துப்போகும், அந்த ஓடுகளையும் பார்ப்பீர்கள். கல்லில் குழிந்த இடத்தில் இரண்டு விரல் ஆழம் மழைத்தண்ணீர் நின்றால் வாயால் குடிக்காது, மூக்கால் உறிஞ்சும். அந்தச் சத்தம் நம் வீட்டில் குழந்தை ஸ்ட்ராவால் கடைசிச் சொட்டு உறிஞ்சுவது போல இருக்கும். புல்லைக் கடித்துக் கடித்தே கத்தரித்த மாதிரி ஆக்கி வைத்திருக்கும். நம் கால்பந்துத் திடலில்கூட அப்படி ஒரு புல் கிடையாது.

கடலைப் பற்றி வேறு யாராவது விவரமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பார்த்த அறிவுதான், படித்த அறிவு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கரையிறங்குவது உறுதி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு தடவை ஒரு முகவர் "நான்கு நாளும் இறங்கலாம்" என்று எழுதியே கொடுத்திருந்தார். அலை தூக்கித் தூக்கிப் போட்டதில் இரண்டு நாள் ரப்பர் படகையே இறக்க முடியவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் வந்து, கண்ணெதிரே தீவு, நடுவில் முந்நூறு மீட்டர் தண்ணீர். வயதான ஒரு ஜெர்மன்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

ரோஸ்ஹில் டீச்சர்:

தோந்தோன், கடுகு கதையை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். முகம் தூக்கிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். மிக்க நன்றி. கடல் பக்கம் யாராவது சொல்லுங்களேன். "லகூன்" என்றால் நம்முடையது போலவேதான் இருக்குமா? சுறா உண்டு என்று நாத்தனார் மகன் பயமுறுத்துகிறான்.

பவளநாற்று:

வணக்கம் டீச்சர். நான் ரெதுயியில் கடலியல் படித்தவள். இப்போது தென்கிழக்குக் கரையில் பவளத்தை நாற்றங்காலில் வளர்த்து லகூனில் நடும் வேலை. அல்டாப்ராவுக்கு ஒரே ஒரு முறை, மூன்று வாரம், ஓர் ஆய்வுக் குழுவில் உதவியாளாகப் போனேன். தோந்தோன் எழுதியதில் திருத்த எதுவும் இல்லை. ஷாம்பிஞ்ஞோன் கல் என் முழங்காலில் இன்னும் கையெழுத்தாக இருக்கிறது.

லகூன் என்ற பெயர் ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு. நம் ஊரில் நடுவே மலை, சுற்றிலும் லகூன், வெளியே பவளப்பார். அங்கே நடுவே மலையே இல்லை. நிலம் வளையல் மாதிரி, 34 கிலோமீட்டர் நீளம். வளையலுக்குள் கடல். அதுதான் அட்டோல். வளையலில் சில உடைப்புகள். பிக்கார், பொலிம்னி என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே இருக்கும் பெரிய வாய்தான் கிராந்த் பாஸ். லகூன் தண்ணீரில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாய் வழியாகத்தான் உள்ளே வந்து வெளியே போகிறது.

நம் ஊரில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் முழங்கால் அளவுதான், நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டர். ஓர் ஆள் உயரம் இல்லை, ஒன்றரை ஆள் உயரம். வற்றத்தில் கிராந்த் பாஸ் கடல் இல்லை, மலையிறங்கும் ஆறு. சுழி போட்டு, சத்தம் போட்டு ஓடும். உள்ளே பார்த்தால் காலையில் படகில் மிதந்த இடத்தில் மத்தியானம் வெறும் சேறும் மணலும், நடுநடுவே அடி அரிபட்டுக் காளான் போல நிற்கும் கல் திட்டுகளும். என் முதல் வாரத்தில் குழுவின் படகோட்டி இருபது நிமிடம் தாமதமாகத் திரும்ப நினைத்தார். விளைவு, ஆறு மணி நேரம் அலையாத்தி நிழலில் தரை தட்டி உட்கார்ந்திருந்தோம். அங்கே கடிகாரத்துக்கு மதிப்பில்லை, ஏற்ற வற்ற அட்டவணைக்குத்தான் மதிப்பு. உங்கள் படகில் காலை நான்கு மணிக்கு எழுப்பினால் கோபப்படாதீர்கள்.

நீச்சல் அரைகுறை என்றீர்கள். அதனால்தான் இந்த இடம் உங்களுக்குப் பொருந்தும். ஏற்றம் தொடங்கும்போது பாஸுக்கு வெளியே ரப்பர் படகில் போய், தண்ணீரில் இறங்கி, நீரோட்டத்தோடு லகூனுக்குள் மிதந்து போவார்கள். கை கால் அடிக்க வேண்டியதே இல்லை. நீங்கள் லைஃப் ஜாக்கெட் போட்டு, படகின் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டித் தண்ணீருக்குள் பாருங்கள். படகும் நீங்களும் ஒன்றாகவே இழுபடுவீர்கள். கீழே பவளச் சுவர் ரயில் ஜன்னலில் போவது போலப் போகும். ஆனால் வழிகாட்டி சொல்லாமல் இறங்காதீர்கள். வற்றத்தில் தவறி இறங்கினால் அதே ஆறு வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும்.

ப்ளூ பேயில் இல்லாதது என்ன என்று கேட்டீர்கள். பெரிய மீன். அங்கே பவளத்தின் நிறத்தைப் பார்த்து நான் வாய் பிளக்கவில்லை. 2016 வெப்பத்தில் அல்டாப்ராவிலும் பவளம் வெளுத்துச் செத்தது. யுனெஸ்கோ 1982இல் உலகப் பாரம்பரியம் என்று அறிவித்ததால் கடல் சூடாகாமல் இருந்துவிடுமா? வெளிப்புறப் பாரில் அடி பலம். உள்ளே தினமும் சூடும் குளிருமாகப் பழகிய லகூன் பவளம் குறைவாகச் செத்து, வேகமாகத் தேறியது. நாற்று நடும் எங்களுக்கு அதுதான் பெரிய பாடம், எந்தத் தாய்ப் பவளத்திலிருந்து கிள்ளுவது என்று யோசிக்க வைத்தது.

ஆனால் மீன்! என் தோள் அகலக் களவாய் மீன் ஒன்று இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது. நம் லகூனில் மீன் நம்மைக் கண்டால் ஓடும். தலைமுறை தலைமுறையாகக் கூண்டும் வலையும் தூண்டிலும் பார்த்த மீன். அங்கே அதற்கு மனிதன் என்றால் என்னவென்று தெரியாது. இரண்டாம் நாள் நானும் அது மாதிரியே அசையாமல் நிற்கப் பழகினேன்.

சுறா உண்டு. பயப்பட வேண்டாம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். பிக்கார் கரையில் கணுக்கால் அளவு தண்ணீரில் கருமுனைச் சுறாக் குட்டிகள் பூனை மாதிரி நம் காலைச் சுற்றிப் போகும். பெரியது ஒரு மீட்டர் சொச்சம். பதினேழு நாள் அதன் நடுவில் நடந்திருக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. என்னைக் கடித்தது தென்னை நண்டு, அதுவும் இரவில் என் சோப்புப் பெட்டியைத் திருட வந்தபோது நான் பிடித்து இழுத்ததால்.

விடியற்காலையில் பிக்கார் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் தவறவிடாதீர்கள். இரவு முட்டையிட வந்த பேராமைகளின், அதாவது கடலாமைகளின் தடங்கள் டிராக்டர் ஓட்டிய மாதிரி கிடக்கும். நிலையத்து ஆள் தடங்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, இரண்டு முறை எண்ணாமல் இருக்கக் காலால் கோடு கிழித்துக்கொண்டே போவார். ஒரு காலத்தில் இறைச்சிக்காக ஏறக்குறையத் துடைத்தே எடுத்துவிட்டார்கள். 1968இல் பிடிக்கத் தடை வந்தது. அன்றிலிருந்து கணக்குப் பார்த்தால் முட்டையிடும் ஆமை பல மடங்கு கூடியிருக்கிறது. ஓர் ஆமை பெரியதாகி முட்டையிட இருபது முப்பது வருடம் ஆகும் என்பதால், தடை போட்ட ஆட்களில் பலர் பலனைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பள்ளியில் சொல்ல உங்களுக்கு உதவும். 1874இல் டார்வினும் வேறு சில அறிஞர்களும் கையெழுத்திட்டு, அல்டாப்ரா ஆமைகளைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு கடிதம் அனுப்பினார்கள். யாருக்குத் தெரியுமா? மொரீஷியஸ் ஆளுநருக்கு. அப்போது சீஷெல்ஸ் நம் நிர்வாகத்தில்தான் இருந்தது, 1903இல்தான் பிரிந்தது. நம் ஆமை இனங்கள் அதற்குள் ஒழிந்துவிட்டன, மிச்சம் அங்கேதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று நம் ஐல் ஓ செக்ரெத் தீவில் நம் ஆமை செய்த வேலையை, அதாவது பழம் தின்று கருங்காலி விதையைப் பரப்புவதை, அல்டாப்ரா ஆமையைக் கொண்டு வந்து செய்ய விட்டிருக்கிறோம். கூலிக்கு ஆள் வைத்த மாதிரி.

கத்ர்போர்ன் வாசி:

டார்வின் விஷயம் எனக்குத் தெரியாது. சரி, லேப்டாப்பை அடுத்த வருடம் வாங்கலாம்.

மாயேபூர் அடுப்படி:

அந்தப் பெண் நன்றாக எழுதியிருக்கிறாள். நான் விட்ட ஒரு பறவையை அவளும் விட்டுவிட்டாள். வெண்கழுத்துக் கானாங்கோழி ஒன்று அங்கே உண்டு. பறக்கத் தெரியாது. இந்தியப் பெருங்கடலில் பறக்காத பறவையில் மிச்சம் இதுதான் என்று சொன்னார்கள். நம் டோடோவுக்கு வாய்க்காத ஆயுள். பிக்காரில் பூனை தின்று ஒழித்துவிட்டது. பிறகு 1999இல் மற்றத் தீவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். கல்லில் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து ஷூ கயிற்றைக் கொத்தி இழுக்கும். கயிறு கட்டச் சொன்னேன் அல்லவா, இதற்காகவும்தான்.

இன்னொரு வருத்தமான காட்சிக்கும் தயாராக இருங்கள். காற்றடிக்கும் தெற்குக் கரை முழுக்க நம் கால் சவாத். ரப்பர் செருப்புதான். மீன்வலை, கயிறு, அதற்கு நடுவே செருப்பு. 2019இல் பன்னிரண்டு பேர் ஐந்து வாரம் தங்கிப் பொறுக்கி 25 டன் எடுத்தார்கள். இன்னும் 500 டன்னுக்கு மேல் கிடக்கிறது என்று கணக்கு. அங்கே இருக்கிற பத்துப் பதினைந்து பேர் எல்லாரும் சேர்ந்தாலும் அத்தனை செருப்பைப் போட முடியுமா? எல்லாம் கடல் கொண்டுவந்தது. அந்தக் குவியலின் மேலேயே ஆமை ஏறிப் போவதைப் பார்த்தேன். போட்டோ எடுக்கவில்லை.

இனி உங்கள் சாப்பாடு. இப்போதே படகுக்குச் சொல்லி அனுப்புங்கள், ஏறிய பிறகு சொன்னால் அவித்த உருளைக்கிழங்குதான் கிடைக்கும். மாஹேயில் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயிலைச் சுற்றி நம் ஆட்கள் கடை உண்டு. பருப்பு, புளி, அப்பளம் எல்லாம் வாங்கலாம். புளி கொட்டை எடுத்ததாக இருக்கட்டும். முதல் இரண்டு நாள் காத்தோ பிமான் மாதிரி எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போகாதீர்கள். வெறும் சோறு, ரசம், இஞ்சி. வாந்தி வருகிறது என்று படுக்கை அறையில் போய்ப் படுப்பவர்களுக்குத்தான் அதிகமாக வரும். மேல்தளத்தில் தொடுவானத்தைப் பார்த்து உட்காருங்கள். மூன்றாம் நாள் பசி எடுக்கும், அது எடுத்துவிட்டால் நீங்கள் தப்பித்தீர்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள், நானும் ஒரு வருடப் பிறப்பை அல்டாப்ராவுக்கு வெளியே நங்கூரத்தில் கழித்திருக்கிறேன். ஏழு கறி இல்லை, மூன்று கறி செய்தேன். வாழை இலை இல்லை. மாங்காய்ப் பச்சடிக்கு இரண்டு மாங்காய் ஒளித்து வைத்திருந்தேன். கொட்டையைக் கடலில் போட விடவில்லை. பக்கெட்டில் மூடி வைத்து, திரும்ப 1,100 கிலோமீட்டர் சுமந்து மாஹேயில் குப்பையில் போட்டோம். தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, எல்லாம் அப்படியே. பயணம் முடியும்போது அந்தப் பக்கெட் அடிக்கும் வாடையைப் பற்றி யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

ரோஸ்ஹில் டீச்சர்:

முடிவாகிவிட்டது, போகிறேன். வீட்டுக்காரர் கேமரா வாங்கித் தருகிறாராம், அந்தக் கானாங்கோழியைப் படம் எடுத்து வரச் சொல்லி. மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வருடப் பிறப்பன்று எங்கே இருந்தாலும் புதுப் புடவை கட்ட வேண்டும். தோந்தோன், கரையில் புடவை கட்டிக்கொண்டு இறங்கலாமா?

மாயேபூர் அடுப்படி:

படகில் கட்டுங்கள், படம் எடுத்து மாமியாருக்குக் காட்டுங்கள். கரையில் வேண்டாம். ஷாம்பிஞ்ஞோன் கல் முந்தானையை விடாது. அது போகட்டும், கொசுவத்தைப் பிரித்துப் பிரித்து விதை பார்க்க அந்தப் பெண்ணுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் தண்ணீர் வற்றிவிடும்.